அது ஈட்டிமரம் இல்லை

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

பேசாமல் இருந்தது போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிடுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கண் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணிக்குப் பார்வை தெளிந்திருக்கிறதா? இங்கே எனக்கு முதுகுவலி தவிர வேறு குறையில்லை. அது கல்லூரி நாற்காலி கொடுத்தது. துறைத்தலைவரின் நாற்காலி மெத்தை வைத்தது; அதில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் மடக்குக் கத்திச் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சி மலர் நேற்றுத் தபாலில் வந்தது. துணைத்தலைவரின் தம்பி என்பதால் இலவசம் போலிருக்கிறது. அட்டைப் படத்தில் அப்பாவின் கத்தி. கீழே இப்படி எழுதியிருக்கிறது: ‘சாவி முத்திரை கொண்ட பழைய மடக்குக் கத்தி. அபூர்வமான ஈட்டிமரப் பிடி. தொழிற்சாலை நிர்வாகம் தன் விசுவாசமான பிட்டருக்கு அன்பளிப்பாகத் தந்த மரம். நான்காவது பித்தளை ஆணி அலங்காரத்துக்காக.’

விசுவாசமான பிட்டர்! அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் நீங்கள், “எங்கப்பா யாரையும் எதிர்த்துப் பேசினவர் இல்ல” என்று மைக்கில் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று விட்டேன். அவருடைய யூனியன் பேட்ஜைப் படத்தில் தெரியாதபடி வெட்டி, சட்டம் போட்டு மாட்டினீர்கள். அதையும் விட்டேன். இதை விட மாட்டேன்.

அது ஈட்டிமரம் இல்லை. வேலமரம். எந்த நிர்வாகமும் அதை அன்பளிப்பாகத் தரவில்லை. வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலை கேட்டில், நாமெல்லாம் ‘மீசை’ என்று சொல்லும் கம்பெனித் தலைமைக் காவலர் தன் தடியால் அப்பாவின் தோளில் அடித்தார். தடி ஒடிந்தது. கையில் மிஞ்சிய அடித்துண்டை வெறுப்பில் அப்பாவின் மேலேயே வீசி எறிந்துவிட்டுப் போனார். அடிபட்டுக் கீழே விழுந்ததில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்த கத்தியின் கொம்புப்பிடி நொறுங்கிப் போயிருந்தது. அப்பா அந்தத் துண்டைச் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாகப் பிளந்து, கத்திக்குப் புதுப்பிடி போட்டார். மணிக்கட்டில் மாட்டும் வாரைக் கோப்பதற்காகத் தடியில் ஒரு துளை இருக்குமல்லவா, அதை அடைக்கத்தான் நான்காவது ஆணி. அது எதையும் தாங்கவில்லை. மற்ற மூன்றோடு நேர்க்கோட்டில்கூட இல்லை. உங்கள் சங்கத்தார் கண்ணுக்கு அது அலங்காரம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. கண்காட்சி திறக்க நாள் இருக்கிறது. கத்திக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் விவர அட்டையிலாவது இதைத் திருத்துங்கள். முடிந்ததும் கத்தியை அனுப்பிவையுங்கள். போன வருஷம், “ஒரு போட்டோ எடுத்துட்டுத் தந்துடறேன்டா” என்று சொல்லித்தான் என்னிடமிருந்து வாங்கிப் போனீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது, அந்த அளவுக்கு முன்னேற்றம். உன் அண்ணி மறுபடி ஊசியில் நூல் கோக்கிறாள். உன் முதுகுக்குத் தரையில் படுத்துப் பார்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ சரித்திரப் பேராசிரியர், உனக்கு எல்லாமே ஆதாரம், ஆவணம். எங்கள் உலகம் வேறு. இந்த வருஷக் கண்காட்சியே ‘அபூர்வ மரப் பிடிகள்’ பற்றியது. ஒருவர் மூழ்கிய கப்பலின் பலகையில் பிடி போட்ட கத்தி கொண்டுவருகிறார். இன்னொருவரிடம் திராட்சைக் கொடியின் வேர். பழைய பியானோவின் காலை அறுத்துச் செய்தது ஒன்று. எலுமிச்சை, காப்பிச் செடி, என்னென்னவோ வருகிறது. பார்க்க வருகிறவன் மரத்தோடு ஒரு நல்ல கதையையும் எதிர்பார்க்கிறான். அடி, உதை, ரத்தம் என்று அட்டையில் எழுதினால் யாருக்கு என்ன லாபம்? அப்பாவுக்கு அது மரியாதையா?

மேலும், எங்கள் நிபுணர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஈட்டிமரம் என்றுதான் சொன்னார். அவரை விட உனக்குத் தெரியுமா?

தவிர, கண்காட்சி நடக்கப்போவது தொழிற்சாலையின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில். இடம் அவர்கள் கொடுத்தது. வீட்டுக்கு வந்தவன் வீட்டைத் திட்டலாமா? யோசி.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அண்ணனுக்கு,

நலமென்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். தரையில் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

உங்கள் நிபுணர் கண்ணாடி வைத்தும் ஏமாந்ததற்குக் காரணம் அப்பா. வேலைநிறுத்தம் முடிந்து அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தபோது, தினமும் கேட்டில் பையைச் சோதிப்பார்கள். அந்தப் பிடியை மீசை அடையாளம் கண்டுவிடக் கூடாது. அதனால் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் துணியால் தொட்டுத் தொட்டுப் பிடியில் தடவினார். வேலமரத்தில் துவர்ப்பு அதிகம். இரும்பு பட்டதும் கறுத்துப்போகும். மேலே எண்ணெய் தேய்த்துத் துடைத்தால், பார்க்கிறவன் ஈட்டிமரம் என்றுதான் சொல்வான். ஆனால் அந்தக் கறுப்பு மேல்தோல் மட்டும். ஆணிகளைத் தட்டிக் கழற்றினால், பித்தளைத் தகட்டை ஒட்டியிருக்கும் உள்பக்கம் வெளுத்துப் பழுப்பாக இருக்கும். உங்கள் நிபுணரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடி, உதை என்று எழுதினால் மரியாதையா என்று கேட்டீர்கள். அப்பா எங்கே மரியாதையைத் தேடினார் என்று சொல்கிறேன். ஒருநாள் மாலை ஷிப்ட் விட்டு எல்லோரும் கேட்டில் வரிசையாக நிற்கிறார்கள். மீசைக்கு ஏதோ பார்சல் கயிற்றை அறுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பையிலிருந்த கத்தியை எடுத்து அறுத்தார். திருப்பிக் கொடுக்குமுன் கையில் வைத்து உருட்டிப் பார்த்திருக்கிறார்.

“நல்ல பிடிய்யா. கைக்குப் பழகின மாதிரி இருக்கு.”

“உங்க கைக்குப் பழகாம இருக்குமா?” என்றாராம் அப்பா.

வரிசை முழுக்க ஒரே இருமல். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அத்தனை பேருக்கும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது. வெல்டர் மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டு அந்த இருமலை இருமிக் காட்டுவார். அம்மா அடுப்படியில் நின்று சிரிப்பாள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அப்பா அந்தக் கத்தியை அவர்கள் முன்னாலேயே கேட்டுக்குள் கொண்டுபோனார், கொண்டுவந்தார். அவர்களுடைய தடியை. அவர்களே தொட்டுப் பார்த்து, சரி, போ என்று அனுப்பினார்கள். இதை அட்டையில் போட முடியாதென்றால் வேறு எதைப் போடப் போகிறீர்கள்?

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை. நீங்களும் அப்போது அங்கேதான் வேலையில் இருந்தீர்கள். வெல்டர் மாமா இந்தக் கதையை ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவீர்கள். ஏன்?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். வேறு வழி? பதில் இல்லை. போன் எடுத்தால், “அவர் குளிச்சிட்டிருக்கார்” என்கிறார்கள். ஒரு மனிதர் இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

ஆணியைக் கழற்றிப் பார்த்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். சங்க வேலையில் மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் தாமதம். உன் முதுகு தேவலையா?

நீ சொன்னபடியே செய்தேன். எங்கள் வட்டாரத்தில் ‘கத்தி டாக்டர்’ என்று ஒருவர் இருக்கிறார், பழைய கத்திகளைச் சீர்செய்பவர். அவரிடம் கொடுத்தேன். அலகில் துருவை எடுத்து, வில்லுக்கு எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக்கிக் கொடுத்தார். இப்போது திறந்தால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது, அப்பா இருந்தால் சந்தோஷப்படுவார்.

இனிமேல் அந்த அட்டையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிடி அசல் ஈட்டிமரம். யார் வேண்டுமானாலும் கழற்றிச் சோதிக்கலாம். ஆகவே இந்த விவகாரத்தை இத்தோடு விடு. ஜூன் முதல் வாரத்தில் திறப்புவிழா. வருவதானால் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்


மே 16

தம்பிக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருக்கிறீர்களா? எனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. சில விஷயங்கள் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குத் தெரிகிறது.

இத்துடன் ஒரு சிறிய பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் பழைய கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன், உடையாது. கத்தி டாக்டர் பழைய பிடியைக் கழற்றிவிட்டு ஈட்டிமரத்தில் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவர்தான் போடச் சொன்னது. கழற்றின இரண்டு மரத்துண்டையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். இவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டார். அப்புறம் எடுத்தார். அலமாரியில் வைத்தார். மறுநாள் மறுபடியும் கூடையில் போட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை இவர் எடுக்க வருவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். இனிமேல் அது உங்களிடம் இருப்பதுதான் சரி.

நீங்கள் மார்ச் மாதம் எழுதின கடிதத்தையும் படித்தேன். வெல்டர் கதை சொன்னால் இவர் ஏன் எழுந்து போவார் என்று கேட்டிருந்தீர்கள். இவர் ஒருநாளும் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிடுகிறேன். மாமாவை, அதாவது உங்கள் அப்பாவை, அடித்த அன்று இவர் கேட்டுக்கு உள்ளே இருந்தார். வேலைநிறுத்தம் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே சரக்கு லாரியில் ஒளிந்து உள்ளே போய் வேலை பார்த்திருக்கிறார். மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாராம். தடி ஒடிந்த சத்தம் கேட்டதாம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். “மரம் ஒடிஞ்சுதா, எலும்பு ஒடிஞ்சுதான்னு எனக்குத் தெரியல” என்றார். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

மாமாவுக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியை உங்களிடம் கொடுத்தார், அவ்வளவுதான். இந்த வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் கத்தி. இவர் கேட்டுக் கிடைக்காதது அந்த ஒன்றுதான்.

அந்த வருஷம் உங்கள் பள்ளிக்கூடச் செலவு எப்படி நடந்தது என்று நீங்கள் யோசித்ததுண்டா? சண்டைக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெறும் தரையில் படுக்காதீர்கள், இவர் எதையாவது சொல்வார்.

அண்ணி


மே 30

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கண் நன்றாக இருப்பது குறித்து நிஜமாகவே சந்தோஷப்படுகிறேன்.

கண்ணாடிக் கூடு பத்திரமாக வந்து சேர்ந்தது. துண்டுகளை மேஜையில் வைத்துப் பார்த்தேன். உள்பக்கம் நான் எழுதியபடியே பழுப்பு. உளி பட்ட தடம் இன்னும் இருக்கிறது, ஒரு இடத்தில் கை நழுவியிருக்கிறது. நழுவியது அடிபட்ட தோளின் வலியால் இருக்கும்.

மற்ற விஷயத்தைப் பற்றி உடனே எழுத வரவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான் படித்தது அந்தச் சம்பளத்தில் என்றால், சரி, படித்தேன். அதற்காகப் படித்ததை மறந்துவிட முடியாது. பசித்த வீட்டுக்காக உள்ளே போனவரை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. அப்பாவே சொல்லவில்லை. ஆனால் தடியைக் குப்பைக்கூடையில் போட்டவரைச் சொல்லுவேன். அவர் அந்தச் சிறுவயதுப் பையன் இல்லை. தலை நரைத்தவர், துணைத்தலைவர்.

நீங்கள் அனுப்பியதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அவராகக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கொழுந்தன்


ஜூன் 12

அண்ணனுக்கு,

சுகம்தானே? திறப்புவிழாவுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் மேடையில் இருந்தீர்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் ஒரு பெண்மணி தன் கணவரிடம், “அந்தக் காலத்துல முதலாளிங்க எவ்வளவு நல்லா வச்சிருந்திருக்காங்க பாருங்க” என்றார். கணவர் தலையாட்டினார். எனக்கு அந்த இடத்தில் இருமக்கூட வரவில்லை.

பிடியை மாற்றிவிட்டீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஆணி மூன்றுதான் இருக்கிறது. பொய்யை அட்டையிலிருந்து எடுக்கச் சொன்னேன். நீங்கள் உண்மையைக் கத்தியிலிருந்து எடுத்தீர்கள். சேகரிக்கிறவர்கள் செய்கிற காரியமா இது? சாதாரணக் கத்தியில்கூட அசல் பிடியைக் கழற்றினால் உங்கள் சங்கத்திலேயே ஆளை விலக்குவார்களே.

ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். நீளமாக எதுவும் வேண்டாம். அட்டையில் ஒரு வரி போதும்: ‘அசல் பிடி, காவலரின் ஒடிந்த தடி. வேலமரம்.’ அன்று கேட்டுக்கு வெளியே யார், உள்ளே யார் என்று அட்டை சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் என்னால் இறங்கிவர முடியாது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

சுகம்.

உள்ளே, வெளியே என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது என்று கேட்கப்போவதில்லை. உன் அண்ணியோடு நான் இன்னும் குடித்தனம் நடத்த வேண்டும்.

அட்டை அப்படியேதான் இருக்கும். கண்காட்சி முடிந்ததும் கத்தி என்னிடம் இருக்கும். மரம் உன்னிடம் இருக்கட்டும். உனக்குப் பிடி, எனக்கு அலகு. பாகப்பிரிவினை முடிந்தது என்று வைத்துக்கொள்.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால்கூடப் போதும். வாழ்நாள் முழுக்கத் தினமும் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கத்தியால் பழம் நறுக்கினார். எனக்கும் ஒரு துண்டு கொடுப்பார். நான் வாங்கித் தின்பேன். அந்தப் பிடியை என்னால் பார்க்க முடியாது, தம்பி. நீ படித்தவன், உனக்குப் புரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 1

மடக்குக் கத்திச் சேகரிப்போர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் உறுப்பினர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் தங்கள் சங்கத்தின் உறுப்பினன் அல்லன். கண்காட்சியைப் பார்த்த பலரில் ஒருவன்.

தங்கள் கண்காட்சியில் சாவி முத்திரைக் கத்திக்குப் பக்கத்திலுள்ள அட்டை தவறானது. நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. தாங்களே வெளியிட்ட மலரின் அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள். படத்தில் பிடியில் நான்கு ஆணிகள். பெட்டியில் மூன்று. அலங்காரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அலங்காரம் எங்கே போயிற்று?

இத்துடன் அசல் பிடியின் ஒரு பக்கத்தை வைத்திருக்கிறேன். நான்காவது ஆணி இருந்த துளையைப் பாருங்கள். உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எந்தத் தச்சரிடம் காட்டினாலும் வேலமரம் என்பார். அந்தத் துளை மணிக்கட்டு வாருக்காகப் போட்டது. இந்த மரம், தங்களுக்கு இடம் கொடுத்த அதே தொழிற்சாலையின் கேட்டில், வேலைநிறுத்தம் செய்த ஒரு பிட்டரின் தோளில் ஒடிந்த காவலர் தடி. அடித்த தடியைப் பிடியாக்கி, கறுப்பேற்றி, அடித்தவரின் கையிலேயே கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார் அந்தப் பிட்டர். கப்பல் பலகையும் பியானோக் காலும் தங்களுக்கு அபூர்வம் என்றால், இது என்ன என்று தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிடியை மாற்றியது யார், ஏன் என்று நான் எழுதவில்லை. அது மரத்தைப் பற்றிய விஷயம் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். அட்டையை மட்டும் மாற்றுங்கள். மாற்றவில்லையென்றால், மறுபக்கம் என்னிடம் இருக்கிறது. தாங்கள் அடுத்து எந்த ஊரில் கண்காட்சி வைத்தாலும் நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர் தூங்கும்போதே விடாமல் பேசிப் பழகியவன்.

இதை எழுதியது யார் என்று தாங்கள் ஊகிக்கலாம். ஊகித்துக்கொள்ளுங்கள். கீழே என் பெயரைப் போட்டால், இது பங்காளிச் சண்டை, தம்பிக்காரனின் வயிற்றெரிச்சல் என்று சொல்லி மரத்தை மேஜை டிராயருக்குள் தள்ளிவிடுவீர்கள். என் பெயரைப் போட்டால் இன்னொருவரின் பெயரும் சேர்ந்தே வரும். அவரை நான் மன்னிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கு வெளியே இழுத்து நிறுத்துகிற வேலை என்னுடையதில்லை. பெயர் இல்லாவிட்டால் தங்களுக்குப் பார்க்க இந்த மரம் ஒன்றுதான் இருக்கும். அதைத்தான் பாருங்கள். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.